சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ்: பொத்தான் போடவும் பாட்டில் திறக்கவும் ஒரு சிகிச்சை

மூட்டுவாத மருத்துவர் எத்தனை மூட்டு வீங்கியிருக்கிறது என்று அழுத்திப் பார்ப்பார், ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார். பிசியோதெரபிஸ்ட் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, தோள்பட்டை எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கேட்கும் முதல் கேள்வி இந்த இரண்டிலும் சேராது: "காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை என்னென்ன வேலை செய்கிறீர்கள்? அதில் எது இப்போது முடியாமல் போகிறது?"

பதிலாக வருபவை பெரும்பாலும் சின்ன வேலைகள்தான். சட்டைப் பொத்தான் போடுவது, பாட்டில் மூடி திறப்பது, பூட்டில் சாவியைத் திருப்புவது, குழந்தையைத் தூக்குவது, முதுகில் களிம்பு தடவுவது. ஆனால் ஒரு நாள் என்பதே இந்தச் சின்ன வேலைகளின் வரிசைதானே. அவற்றை ஒருவர் தன் கையாலேயே, குறைந்த வலியோடு செய்துகொள்ள வழி பண்ணுவதுதான் ஆக்குபேஷனல் தெரபி. அதற்காகச் செய்யும் முறையை மாற்றலாம், பயன்படுத்தும் பொருளை மாற்றலாம், இடத்தையோ நேரத்தையோ மாற்றலாம். "இனிமேல் அதைச் செய்யாதீர்கள்" என்பது கடைசியாகச் சொல்ல வேண்டியது. எடுத்த எடுப்பிலேயே அதைச் சொல்லும் தெரபிஸ்ட் கிடைத்தால் வேறொருவரைப் பாருங்கள் என்பேன்.

நோய் எங்கெல்லாம் கை வைக்கிறது

சோரியாசிஸ் தோலில் தடிப்பும் வெள்ளைச் செதிலுமாக வரும் நோய். வெளிறிய தோலில் சிவப்பாகத் தெரியும். கறுத்த தோலில் ஊதாவாகவோ அடர் பழுப்பாகவோ தெரியலாம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி தடம் மாறி உடல்மீதே பாய்வதால் வருவது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இதே கோளாறு மூட்டுகளையும் பிடிக்கும்போது அது சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ். சோரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் பேர் வரைக்கும் இது வரக்கூடும். இவர்களில் சுமார் 70 சதவீதம் பேருக்குத் தோலில் முதலில் வந்து, பல ஆண்டுகள் கழித்து மூட்டுக்கு வரும். சுமார் 15 சதவீதம் பேருக்கு மூட்டு முந்திக்கொள்ளும். தோலில் அடையாளம் எதுவும் இல்லாததால் இவர்களுக்கு நோய் இன்னதென்று பிடிபடவே காலம் பிடிக்கும். பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள், ஆண் பெண் வித்தியாசமில்லாமல் தொடங்குகிறது. சம்பாதிக்கிற வயது, பிள்ளை வளர்க்கிற வயது.

மூட்டோடு மட்டும் இது நிற்பதில்லை. தசைநாண் எலும்பில் போய்ப் பதியும் இடம் ஒன்று உண்டு. முளையில் கட்டிய கயிறு எந்த இடத்தில் தேயுமோ, உடலில் அதற்கு ஈடான இடம். அங்கே அழற்சி வருவதை என்தசைட்டிஸ் என்கிறார்கள். குதிகாலின் பின்புறம், பாதத்தின் அடி, முழங்கையின் வெளிப்பக்கம் ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். அடுத்து டாக்டிலைட்டிஸ்: ஒரு மூட்டு மட்டும் என்றில்லாமல் விரல் முழுவதும் அடியிலிருந்து நுனிவரை உருண்டையாக வீங்கிவிடும். விரல் நுனி மூட்டையும் இது விரும்பித் தாக்கும்; அந்த விரலின் நகம் பெரும்பாலும் சேர்ந்தே கெடும். நகத்தின் வேரும் அந்த மூட்டைக் கடக்கும் தசைநாணும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதுதான் காரணம். சிலருக்கு முதுகெலும்பும் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். இவற்றுக்கெல்லாம் மேலே ஓர் அயர்ச்சி இருக்கிறது. அதற்குத் தனியாக வருகிறேன்.

இந்தப் பட்டியலை இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம் உண்டு. சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸை ஒரு தனி நோயாக அமெரிக்க ருமட்டிசம் சங்கம் வகைப்படுத்தியதே 1964-இல்தான். அதுவரை அதை ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற முடக்குவாதத்தின் ஒரு ரகமாகவே பலரும் பார்த்தார்கள். மூட்டுப் பாதுகாப்பு என்று ஆக்குபேஷனல் தெரபியில் இன்று சொல்லித்தரும் பாடத்துக்கு, 1965-இல் ஜாய் கார்டரி எழுதிய கட்டுரை ஒரு தொடக்கப் புள்ளி. அதன் பெரும்பகுதி ருமட்டாய்டு கைகளை மனதில் வைத்து வளர்ந்தது. அதனால் சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ்காரர் கையிலும் பல இடங்களில் ருமட்டாய்டுக்காக அச்சடித்த துண்டுத்தாளைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பாதி பொருந்தும். மீதிப் பாதியில்தான் தோலும் நகமும் குதிகாலும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரிகூட இருக்காது.

சான்று எந்த அளவில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியும் தேசிய சோரியாசிஸ் அறக்கட்டளையும் சேர்ந்து 2018-ஆம் ஆண்டு நெறிமுறையாக வெளியிட்டதில், நோய் அடங்காமல் இருப்பவர்களுக்கு ஆக்குபேஷனல் தெரபி இல்லாமல் இருப்பதைவிட இருப்பது மேல் என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். நிபந்தனையோடு கூடிய பரிந்துரை அது. பின்னால் இருக்கும் ஆய்வுகள் வலுக் குறைந்தவை என்பதையும் அவர்களே குறிப்பிடுகிறார்கள். மெதோட்ரெக்ஸேட், பயாலஜிக் ஊசி போன்ற மருந்துகளின் இடத்தை இது பிடிக்காது. அழற்சியை அடக்குவது மருந்து. அடங்கும்வரையும், அடங்காமல் மிச்சமிருப்பதோடும் வாழ்க்கையை ஓட்ட உதவுவது இது.

முதல் சந்திப்பு

பேச்சில்தான் ஆரம்பிக்கும். பல தெரபிஸ்டுகள் கனடாவில் உருவான ஒரு கேள்விமுறையைப் பயன்படுத்துகிறார்கள். உங்களுக்குச் சிக்கலாக இருக்கும் வேலைகளை நீங்களே சொல்ல வேண்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம், இப்போது எவ்வளவு நன்றாகச் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு திருப்தி என்று 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுவதும் நீங்கள்தான். சில வாரம் கழித்து மறுபடி போடும்போது 2 புள்ளி ஏறியிருந்தால் உருப்படியான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம், எது முக்கியம் என்பதை நோயாளியே முடிவு செய்வது. ஒருவருக்குக் கையெழுத்து முக்கியமாக இருக்கும். இன்னொருவர் கையெழுத்தை விட்டுவிட்டு, வீணை வாசிக்க முடியவில்லை என்பார்.

பிறகு கையைப் பார்ப்பார்கள். பிடிவலு அளக்கும் கருவியை முழங்கையை 90 டிகிரி மடக்கி வைத்து மூன்று முறை அழுத்தச் சொல்லி சராசரி எடுப்பார்கள். கிள்ளும் வலுவை அளக்கத் தனிக் கருவி உண்டு. எண்ணைவிட, நீங்கள் அதைச் செய்யும் விதத்தைத்தான் நல்ல தெரபிஸ்ட் கவனிப்பார். வலிக்கும் ஆட்காட்டி விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு நடுவிரலால் சமாளிக்கிறீர்களா? மணிக்கட்டை மடக்கிக்கொண்டு பிடிக்கிறீர்களா? செருப்பைக் கழற்றச் சொல்லி பாதத்தையும் பார்ப்பார். நகம், உள்ளங்கை, முழங்கையில் தடிப்பு எங்கே இருக்கிறது என்றும் பார்ப்பார். இந்தக் கடைசிப் பகுதியைச் செய்யாவிட்டால் நீங்களே காட்டிவிடுங்கள்.

ஒரு பாட்டில் மூடி

மூட்டுப் பாதுகாப்பு என்றால் என்னவென்று விளக்க, மூடியைத் திருகித் திறப்பதை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மூடியின் விளிம்பைக் கவ்வுகின்றன. மற்ற விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து துணைக்கு வருகின்றன. மணிக்கட்டு முறுக்குகிறது. மூடி இறுக்கமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்துகிறோம். விரல் நுனியில் 1 கிலோ அழுத்தத்தோடு கிள்ளும்போது பெருவிரலின் அடிமூட்டில் இறங்கும் சுமை 12 கிலோ வரை பெருகுகிறது என்று உடலியக்கக் கணக்குகள் சொல்கின்றன. நல்ல மூட்டுக்கு அது ஒன்றுமில்லை. அழற்சியில் ஊறி, உறை தளர்ந்த மூட்டுக்கு அதுவே தினசரி இடி.

இப்போது அதே வேலையை வேறு மாதிரி: பாட்டிலை ஈரத்துணியின் மேல், இடுப்பு உயரத்தில் இருக்கும் மேசையில் வையுங்கள். மூடியின் மேல் வழுக்காத ரப்பர் துண்டு ஒன்று. அதன் மேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, விரல்களைத் தளர்த்தி, முழங்கையை அதிகம் மடக்காமல் தோளிலிருந்து திருப்புங்கள். சின்ன மூட்டின் வேலையைப் பெரிய மூட்டு எடுத்துக்கொண்டது. மூட்டுப் பாதுகாப்பின் சாரம் இவ்வளவுதான். பையை விரலில் மாட்டித் தூக்காமல் முன்கையில் மாட்டுவதும், கனமான பாத்திரத்தை ஒற்றைக் கைப்பிடியில் தூக்காமல் இரண்டு உள்ளங்கையையும் அடியில் கொடுத்துத் தூக்குவதும், கதவை விரலால் தள்ளாமல் தோளாலும் இடுப்பாலும் தள்ளுவதும் இதே கணக்கு. பேனா, கத்தி, பல்துலக்கி இவற்றின் பிடியைத் தடிமனாக்கினால் விரல் முழுக்க மடங்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாயின் மேல் உறையாகப் போடும் நுரைக்குழலை வெட்டிப் பிடியில் செருகினாலே போதும். இதற்கென்று விலை உயர்ந்த கருவி எதையும் உடனே வாங்கிவிடாதீர்கள். வாங்கிய வேகத்தில் அலமாரிக்குள் போய்விடும் கருவிகள் ஏராளம். தெரபிஸ்டிடம் இருக்கும் மாதிரியை ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

ஆனால் மேலே சொன்ன முறை எல்லோருக்கும் ஒத்துவராது என்பதுதான் இந்த நோயின் குணம். ருமட்டாய்டில் இரண்டு கையும் பெரும்பாலும் ஒரே மாதிரி பாதிக்கப்படும். இங்கே இடது கையில் சுண்டுவிரல், வலது கையில் பெருவிரல், கூடவே ஒரு தோள் என்று கலைந்து கிடக்கலாம். தோள் வீங்கியிருப்பவரிடம் தோளிலிருந்து திருப்புங்கள் என்றால் எப்படி? உள்ளங்கையில் வெடிப்பு இருப்பவர் ரப்பர் துண்டின் மேல் அழுத்தித் தேய்க்க முடியுமா? அவருக்கு மின்சாரத்தில் ஓடும் மூடி திறப்பான்தான் சரி. இல்லாவிட்டால் வீட்டில் மற்றவர்கள் மூடியை முக்கால் சுற்று மட்டும் மூடி வைக்கப் பழகிக்கொள்ளலாம். செலவே இல்லாத வழி. ஏனோ எல்லோரும் இதைத்தான் கடைசியில் யோசிக்கிறார்கள்.

தசைநாண் பதியும் இடங்களுக்கும் இதே போன்ற யோசனை வேண்டும். முழங்கையின் வெளிப்பக்கம் வலிப்பவர் அலமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுப்பதைப் பாருங்கள்: கையை நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மேலிருந்து கவ்வி இழுப்பார். வலிக்கும் தசைநாணை நேராகச் சுண்டி இழுக்கும் அசைவு அதுதான். கிட்டே போய், முழங்கையை உடலோடு ஒட்டி, உள்ளங்கை மேலே பார்க்க அடியிலிருந்து ஏந்தி எடுத்தால் சுமை வேறு தசைக்குப் போய்விடும். குதிகால் வலிப்பவர்களுக்குக் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடிதான் எதிரி. மெத்தென்ற செருப்பைக் கட்டிலடியிலேயே வைத்திருப்பது, எழுவதற்கு முன் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழுமாகச் சில முறை அசைப்பது, நின்று செய்யும் வேலைகளை உயரமான முக்காலியில் உட்கார்ந்து செய்வது எல்லாம் தெரபிஸ்ட் சொல்லும் சாதாரண வழிகள். வேலை முடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்தும் கூடுதல் வலி தணியவில்லை என்றால், அன்று அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். மறுநாள் அளவைக் குறையுங்கள், வேலையையே நிறுத்தத் தேவையில்லை.

தோலும் நகமும் சேர்ந்த கணக்கு

தோலில் அடியோ உராய்வோ பட்ட இடத்தில் புதிதாகச் சோரியாசிஸ் கிளம்பும் என்பதை 1870-களில் ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் கவனித்துச் சொன்னார். எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. நடப்பவர்களுக்கு, பெரும்பாலும் 10 முதல் 20 நாட்களில் அந்த இடத்தில் தடிப்பு எழும். மூட்டைக் காக்கப் போய்த் தோலைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. முன்கையில் பையை மாட்டுங்கள் என்று சொன்னேன். முன்கையில் தடிப்பு இருப்பவருக்கு அகலமான, மெத்தென்ற வார் வைத்த தோள்பையோ சக்கரம் வைத்த பையோதான் பொருந்தும். மணிக்கட்டுப் பட்டையின் ஓரம், பிடியில் ஒட்டிய சொரசொரப்பான நாடா, புதுச் செருப்பின் வார் என்று உராயும் எதையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும்.

நகம் கெட்டவர்களின் அவஸ்தை வெளியே தெரியாது. சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் உள்ள பெரும்பாலோருக்கு நகத்தில் ஏதோ ஒரு மாற்றம் இருக்கும். குண்டூசியால் குத்தியது போன்ற குழிகள், மஞ்சள் நிறம், தடிப்பு, சதையை விட்டு நகம் பிரிந்து மேலே எழுவது. பொத்தானைத் துளைக்குள் தள்ளும்போது விரலின் சதைக்குப் பின்பலமாக நிற்பது நகம்தான். அந்தப் பின்பலம் ஆடும்போது சதை மடங்கி நழுவும். அதோடு நுனி மூட்டும் வீங்கியிருந்தால் ஐந்து பொத்தான் போடக் கால் மணி நேரம்கூட ஆகும். பொத்தானைக் கொக்கி போல இழுக்கும் கம்பி வைத்த சின்னக் கருவி இதற்கு உண்டு. தடிமனான பிடியோடு வாங்க வேண்டும். மேல் பொத்தான் இரண்டை மட்டும் கழற்றிவிட்டு, சட்டையைத் தலைவழியாக மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. பொத்தானைத் துணியின் மேலேயே நிரந்தரமாகத் தைத்துவிட்டு உள்ளே ஒட்டும் பட்டை வைத்துக்கொண்டால் வெளிப்பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. நகத்தை ஒட்ட வெட்டி வைப்பதும், அதைச் சுரண்டவும் நெம்பவும் பயன்படுத்தாமல் இருப்பதும் அடிப்படை. பிரிந்த நகத்துக்கு அடியில் கூரான எதையும் விட்டுச் சுத்தம் செய்யக் கூடாது, பிரிவு இன்னும் ஆழமாகும்.

களிம்பு விஷயம் தனிக் கதை. டியூபைப் பிதுக்குவதே கிள்ளும் வேலை. மேசையில் படுக்க வைத்து உள்ளங்கையால் அழுத்தலாம், அல்லது டியூபைச் சுருட்டும் சாவி ஒன்றை மாட்டலாம். முதுகுக்கு நீளப்பிடி வைத்த தடவும் கருவி இருக்கிறது. களிம்பு தடவிய கையால் பொத்தானும் கொக்கியும் போட முடியாது, வழுக்கும். அதனால் எதை முதலில் செய்வது என்ற வரிசையையே தெரபிஸ்ட் உங்களோடு உட்கார்ந்து எழுதிப் பார்ப்பார். இன்னொன்றையும் பலர் சொல்ல விட்டுவிடுகிறார்கள்: பாராஃபின் போன்ற எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. அந்த உடையோடு அடுப்பின் அருகிலோ மெழுகுவர்த்தியின் அருகிலோ நிற்காதீர்கள், படுக்கையில் புகைக்காதீர்கள்.

ஊசியைத் தாங்களே போட்டுக்கொள்பவர்களும் கை வலுவைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும். சில ஊசிப் பேனாக்களில் பெருவிரலால் பொத்தானை அழுத்த வேண்டும். சிலவற்றைத் தோலின் மேல் வைத்து அழுத்தினாலே போதும். மருந்தின் பலன் ஒன்றுதான், ஆனால் உங்கள் பெருவிரலுக்கு இரண்டும் ஒன்றல்ல. உங்கள் மருந்து எந்த வடிவங்களில் வருகிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்பிளிண்ட்: அளவோடு

கை வலி என்றதும் பலர் எதிர்பார்ப்பது பட்டைதான். ஸ்பிளிண்ட் எனப்படும் அந்தப் பட்டையைச் செய்வதைப் பார்ப்பதே சுவாரசியமாக இருக்கும். தட்டையான தெர்மோபிளாஸ்டிக் தகட்டில் உங்கள் கையின் வரைபடத்தை வெட்டி, 60 முதல் 75 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் போடுவார்கள். ஓரிரு நிமிடத்தில் தகடு துவண்டுவிடும். துடைத்து, சூடு தாங்குகிறதா என்று பார்த்து, கையின்மேல் படிய வைத்துப் பிடித்தால் சில நிமிடத்தில் உங்கள் கை வடிவத்திலேயே இறுகிவிடும். ஓரங்களை மழுங்கச் செய்து, உள்ளே மெல்லிய துணியுறை போட்டு, வார் தைத்துத் தருவார்கள். வேலை செய்யும்போது மணிக்கட்டைத் தாங்குவது ஒரு வகை, இரவில் வீங்கிய மூட்டுக்கு ஓய்வு தருவது ஒரு வகை, விரல் மூட்டு பின்னோக்கி மடங்காமல் தடுக்கும் வளையம் இன்னொரு வகை.

இங்கே ஓர் எச்சரிக்கை. சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் எலும்பை அரிப்பதோடு, புது எலும்பையும் வளர்க்கும். மூட்டு இறுகி, சில சமயம் ஒட்டியே போகும் போக்கு இதற்கு உண்டு. நாள் முழுக்க ஸ்பிளிண்டைப் போட்டு அசைக்காமல் வைத்தால் வலி குறையும், விரலும் விறைத்துப்போகும். அதனால் எத்தனை மணி நேரம் போட வேண்டும், நடுவில் எப்போது கழற்றி விரலை மடக்கி நீட்ட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டிலைட்டிஸில் வீக்கம் நாளுக்கு நாள் மாறும். திங்கள்கிழமை பொருந்திய வளையம் வியாழக்கிழமை இறுக்கலாம். தோலில் 20 நிமிடம் தாண்டியும் மறையாத அழுத்தத் தடம் இருந்தால் திருத்தி வாங்க வேண்டும். கைக்கு மெழுகு ஒத்தடம் சிலருக்கு இதமாக இருக்கும், ஆனால் தோலில் வெடிப்போ புண்ணோ இருக்கும்போது வேண்டாம்.

அயர்ச்சி

இது தூங்கி எழுந்தால் போகும் களைப்பு இல்லை. அழற்சியைத் தூண்டும் அதே வேதிப்பொருட்கள் மூளையையும் எட்டுகின்றன. வலியும் அரிப்பும் தூக்கத்தைக் கெடுக்கின்றன. ஒரே வேலைக்கு மற்றவர்களைவிட அதிக முயற்சி தேவைப்படுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும் என்பதுதான் இதில் மிகவும் வலிக்கிற பகுதி.

இதில் பெரும்பாலோர் விழும் குழி ஒன்றுதான். உடம்பு கொஞ்சம் தேவலாம் என்று தோன்றும் நாளில், தள்ளிப்போட்ட வேலை அத்தனையையும் இழுத்துப் போட்டுச் செய்வது. அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடப்பது. தெரபிஸ்ட் ஒரு வாரக் குறிப்பு எழுதச் சொல்வார். அரை மணிக்கு ஒரு கட்டம். செய்த வேலைக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம். வாரக் கடைசியில் தாளைப் பார்த்தால் சிவப்பெல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்திருப்பது தெரியும். அதைப் பிரித்துப் பரப்புவதுதான் சிகிச்சை. நல்ல நாளிலும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும், மோசமான நாளிலும் கொஞ்சம் நடக்க வேண்டும். வலி வந்து நிறுத்தச் சொல்லும்வரை காத்திருக்காமல், கடிகாரத்தைப் பார்த்து இடைவெளி எடுப்பது கேட்க எளிது, பழகச் சில வாரம் ஆகும்.

காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிப்பவர்கள் அந்த நேரத்தில் விரல் வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. அடுத்த நாள் உடையை இரவே எடுத்து வைக்கலாம், முகச்சவரத்தை இரவுக்கு மாற்றலாம். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து மெல்ல மூடித் திறப்பது விறைப்பைத் தளர்த்தும். கொதிக்கிற சூடு வேண்டாம், தோலை உலர்த்தி அரிப்பைக் கிளப்பிவிடும்.

வேலையிடம்

முதுகெலும்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு: ஓய்வெடுத்தால் வலி கூடும், அசைந்தால் குறையும். அதனால் எவ்வளவு நல்ல நாற்காலியும் தொடர்ந்து உட்கார்ந்தால் தண்டனைதான். அரை மணிக்கு ஒருமுறை எழுவது, உயரம் மாற்றக்கூடிய மேசை இவை உதவும். விரல் பாதிக்கப்பட்டவர்கள் குரல்வழித் தட்டச்சை வலி முற்றுவதற்கு முன்பே பழகிக்கொள்ளலாம். கைக்கருவி பிடிக்கும் தொழிலில் இருப்பவர்களுக்குப் பிடியின் தடிமன், அதிர்வைக் குறைக்கும் கையுறை, நின்றும் உட்கார்ந்தும் மாறி மாறிச் செய்யும் ஏற்பாடு எல்லாம் யோசிக்க வேண்டியவை. முதலாளியிடம் எதை, எவ்வளவு சொல்வது என்பதும் தெரபிஸ்டோடு பேசக்கூடிய விஷயமே. நோயின் பெயரைவிட, "காலை 9 மணிக்குப் பதில் 10 மணிக்குத் தொடங்கினால் என்னால் முழு வேலையும் முடியும்" என்பது போன்ற தெளிவான கோரிக்கைதான் பலிக்கிறது. கையில் செதில் தெரிவதால் கைகுலுக்கக் கூசுவது, கூட்டத்துக்குப் போவதையே தவிர்ப்பது ஆகியவற்றையும் அங்கே சொல்லலாம். அவையும் அன்றாட வாழ்க்கைதான்.

எப்போது போவது, எதைக் கொண்டுபோவது

விரல் கோணிய பிறகு போவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். நோய் உறுதியான சில மாதங்களுக்குள் ஒருமுறை போய்வருவது நல்லது. பிறகு மருந்து மாறும்போதும், வேலை மாறும்போதும், குழந்தை பிறக்கும்போதும் மறுபடி பார்க்கலாம். மூட்டுவாத மருத்துவரிடமே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அவர்கள் பெரும்பாலும் தாங்களாக நினைவுபடுத்துவதில்லை. கையில் அனுபவமுள்ளவரா, அழற்சி மூட்டுவாதம் பார்த்திருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

போகும்போது உங்களைத் தினமும் தோற்கடிக்கும் பொருட்களைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்: அந்தச் சாவி, அந்தக் களிம்பு டியூப், பொத்தான் போட முடியாத சட்டை, அதிகம் அணியும் செருப்பு. "மூடி திறக்க வரவில்லை" என்று சொல்வதைவிட மேசையில் வைத்துத் திறந்து காட்டுவது ஆயிரம் மடங்கு பயன் தரும். இந்த நோய் ஏறி இறங்கும் இயல்புடையது. சந்திப்பு நாளன்று பார்த்துக் கை சமர்த்தாக இருந்துவிடும். அதனால் வீங்கிய நாட்களில் கையையும் பாதத்தையும் நகத்தையும் செல்போனில் படம் எடுத்து, தேதியோடு வைத்திருங்கள். கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.